முதுநிலைப் படிப்புக்கான தன்விளக்கக் கட்டுரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் கேட்கும், பர்சனல் ஸ்டேட்மென்ட் எனப் பரவலாக அழைக்கப்படும் தன்விளக்கக் கட்டுரை குறித்துத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோனவற்றின் பதிவு. இந்த ஒன்றுதான் இப்போது உட்கார்ந்து எழுத வேண்டியது என்பதால் பதற்றமும் இதில்தான் அதிகம். வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. நீர்வளப் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். என் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: ‘சிறு வயது முதலே நீர் என்னை வியப்பில் ஆழ்த்தி வந்திருக்கிறது. நீரின்றி உலகில் உயிர்கள் இல்லை. உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று, என் கடின உழைப்பாலும் தலைமைப் பண்பாலும் சமூகத்துக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்.’ படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கோ ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. என் இறுதியாண்டு ஆய்வு பற்றிய குறிப்பையும் இணைத்துள்ளேன். எங்கே குறை?

பதில்: உங்களுக்குத் தோன்றியது சரியே. இந்தப் பத்தியில் ‘நீர்’ என்று வரும் இடங்களில் ‘ஒளி’ என்றோ ‘மண்’ என்றோ மாற்றிப் பாருங்கள். வேறொரு துறைக்கு வேறொருவர் அனுப்பும் விண்ணப்பத்துக்கு அது அப்படியே பொருந்திவிடும். யார் வேண்டுமானாலும் கையெழுத்திடக்கூடிய பத்தி உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. உங்கள் நண்பர்கள் மொழியின் சீரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றிருப்பார்கள். சேர்க்கைக் குழு வேறு ஒன்றைத் தேடிக்கொண்டு படிக்கிறது.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். தங்கள் வழக்கமான வேலைகளுக்கு நடுவே, ஒரே அமர்வில் பல விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலும், தற்குறிப்பும், பரிந்துரைக் கடிதங்களும் அவர்கள் முன்னால் இருக்கின்றன. அவை எவற்றாலும் முழுதாகச் சொல்ல முடியாதவை சில உண்டு: கற்றதை வைத்துக்கொண்டு இவர் எப்படிச் சிந்திக்கிறார், இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறாரா, இதை முடித்துவிட்டு எதை நோக்கிப் போக நினைக்கிறார். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் உங்கள் கட்டுரையைத் திறக்கிறார்கள். உங்கள் முதல் மூன்று வாக்கியங்கள் இவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

நீங்கள் இணைத்திருக்கும் ஆய்வுக் குறிப்பை மூன்று முறை படித்தேன். உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. குறிப்பில் உள்ள செய்திகளை மட்டுமே கொண்டு ஒரு தொடக்கப் பத்தியை எழுதிக் காட்டுகிறேன்:

‘என் இறுதியாண்டு ஆய்வில், கிணறுகளின் நீர்மட்டப் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆண்டில் நிலத்தடியில் சேரும் நீரின் அளவைக் கணக்கிட முயன்றேன். பதிவு விடுபட்ட மாதங்களை, அவற்றுக்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளை நேர்கோட்டால் இணைத்து நிரப்பினேன். கிடைத்த விடை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. விடுபட்ட மாதங்களில் பெரும்பாலானவை மழை மாதங்கள் என்பதும், நான் வரைந்த கோடு நீர்மட்டம் உயர்ந்த உச்சத்தையே வெட்டிவிட்டது என்பதும் பிறகு தெரிந்தன. பதிவு முழுமையாக இருந்த பக்கத்துக் கிணற்றின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி மறுபடி நிரப்பியபோது விடை மாறியது. ஆனால் அந்தப் புதிய விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல, நான் அதுவரை கற்ற புள்ளியியல் போதவில்லை.’

இதில் ‘கடின உழைப்பு’ என்ற சொல் இல்லை, உழைப்பு தெரிகிறது. ‘ஆர்வம்’ என்ற சொல்லும் இல்லை. வந்த விடையை அப்படியே ஏற்காமல் ஏன் என்று தேடிப் போனவர் என்பதை ஆசிரியர் ஒருவர் படித்த உடனே கண்டுகொள்வார், ஏனென்றால் தன் வகுப்பில் அத்தகைய மாணவரைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி வாக்கியம். உங்கள் அறிவின் எல்லை எங்கே என்று அது நேர்மையாகச் சொல்வதால், ‘அப்படியானால் அடுத்து என்ன கற்க வேண்டும்’ என்ற கேள்வி தானாக எழுகிறது; முதுநிலைப் படிப்பு தேவைப்படுவதற்கான காரணத்தைத் தனியாக வலியுறுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இரண்டாவது பத்தி அந்தக் கேள்விக்கு விடையாக அமையட்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் முழுமையாகப் படியுங்கள். நீரியல் மாதிரியாக்கம், கணிப்புகளின் நிச்சயமின்மை போன்ற பாடங்கள் இருந்தால், அவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, உங்கள் ஆய்வில் நின்றுபோன இடத்திலிருந்து அவை உங்களை எங்கே கொண்டுசெல்லும் என்று எழுதுங்கள். பாடங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினால் நீங்கள் இணையதளத்தைத் திறந்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். பேராசிரியர்களின் பெயர்களுக்கும் இது பொருந்தும்: ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை உண்மையாகவே படித்து, அதில் உங்கள் கேள்வியோடு தொடர்புடைய ஒன்றைக் கண்டிருந்தால் மட்டும் பெயரைக் குறிப்பிடுங்கள். ‘உலகப் புகழ்பெற்ற’ என்ற பாராட்டை எடுத்துவிடலாம். தங்கள் பல்கலைக்கழகத்தின் புகழ் அவர்களுக்குத் தெரியும்.

சமூகத்துக்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை எந்த வேலையின் மூலம், யாருக்காகச் செய்ய நினைக்கிறீர்கள் என்று எழுதினால்தான் அது நம்பத்தகுந்ததாகும். நிலத்தடி நீரின் அளவைச் சரியாக மதிப்பிடாமல் எத்தனை கிணறுகளை அனுமதிக்கலாம் என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. அந்த மதிப்பீட்டைச் செய்யும் பணியில் இருக்க விரும்புகிறேன் என்று எழுதினால், உங்கள் ஆய்வும் படிப்பும் எதிர்காலமும் ஒரே நூலில் கோத்தவையாகிவிடும்.

கேள்வி: இளநிலையில் இரண்டு பருவங்களில் என் மதிப்பெண்கள் சரிந்தன. குடும்பத்தில் ஒருவருக்கு நீண்டகால நோய்; நானும் மிகுந்த மனச்சோர்வில் இருந்தேன். பிறகு மீண்டுவிட்டேன். இதைக் கட்டுரையில் விரிவாக எழுதலாமா, மறைத்துவிடலாமா?

பதில்: அந்தக் காலத்தைக் கடந்து வந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் மதிப்போடு ஏற்கிறேன். மறைக்க வேண்டியதில்லை, மதிப்பெண் பட்டியலில் அந்தச் சரிவு தெளிவாகவே தெரியும், விளக்கம் இல்லாவிட்டால் படிப்பவர் தாமே ஒன்றை ஊகித்துக்கொள்வார். ஆனால் கட்டுரையின் மையமாக அதை வைக்காதீர்கள்.

ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இரு ஆய்வாளர்கள், உளவியல் முதுநிலைச் சேர்க்கைக் குழுக்களின் தலைவர்களிடம், நல்ல விண்ணப்பதாரரின் வாய்ப்பையும் கெடுத்துவிடக் கூடியவை எவை என்று கேட்டு 2006-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 88 தலைவர்கள் அளித்த பதில்களில், தீங்கு விளைவிக்கும் தன்விளக்கக் கட்டுரை ஒரு தனி வகையாகவே இடம்பெற்றிருந்தது. தம் சொந்த மனநலச் சிக்கல்களை விவரித்தல், அளவுக்கு மீறித் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை அதற்குள் வந்தன. நோயுற்றிருந்ததைக் குற்றமாகப் பார்க்கும் மனப்பான்மை எங்கிருந்தாலும் தவறு என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் முன்பின் தெரியாத ஒருவர் சில நிமிடங்களில் படித்து முடிக்கும் ஒரு தாளில், உங்கள் வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதியை எந்த அளவுக்குத் திறந்து வைப்பது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

மூன்று வாக்கியங்கள் போதும். ‘மூன்றாம், நான்காம் பருவங்களில் குடும்பத்தில் ஏற்பட்ட நீண்டகால நோயின் காரணமாக என் மதிப்பெண்கள் குறைந்தன. ஐந்தாம் பருவத்திலிருந்து என் முந்தைய நிலைக்குத் திரும்பினேன். அப்போது தேர்ச்சி குறைந்திருந்த கணிதப் பாடத்தின் தொடர்ச்சியை இறுதியாண்டில் விருப்பப் பாடமாக எடுத்து முடித்தேன்.’ காரணம் ஒரு வாக்கியம், மீட்சி ஒரு வாக்கியம், மீட்சிக்கான சான்று ஒரு வாக்கியம். இதைக் கட்டுரையின் பின்பகுதியில் வையுங்கள். பல விண்ணப்பப் படிவங்களில் இத்தகைய சூழ்நிலைகளை விளக்குவதற்கென்றே தனி இடம் உண்டு. இருந்தால் அங்கே எழுதிவிட்டுக் கட்டுரையை முழுக்க உங்கள் துறைக்கே விட்டுவிடலாம். உங்களை நன்கு அறிந்த ஆசிரியர் தம் பரிந்துரைக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டால் அது இன்னும் எடையோடு ஒலிக்கும்.

கேள்வி: சில பல்கலைக்கழகங்கள் ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்கின்றன, சில ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்’ என்கின்றன, வேறு சில ‘மோட்டிவேஷன் லெட்டர்’ கேட்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? 4,000 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெயருக்குக் கீழே உள்ள அறிவுறுத்தலைப் படியுங்கள். ஒரு பல்கலைக்கழகம் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற பெயரில் கேட்பதையே இன்னொன்று ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் என்ற பெயரில் கேட்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும் இடங்களும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், முதுநிலை விண்ணப்பதாரர்களிடம் படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் கட்டுரை ஒன்றையும், அவர் கடந்துவந்த பாதையைச் சொல்லும் கட்டுரை இன்னொன்றையும் கேட்கிறது. அங்கே ஒரே செய்தியை இரண்டிலும் எழுதினால் ஒரு வாய்ப்பை வீணாக்கியவர் ஆவீர்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் 4,000 எழுத்து வரம்பு, பிரிட்டனில் இளநிலை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பினுடையது. அதையும் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரையாக இல்லாமல் மூன்று கேள்விகளுக்கான விடைகளாகப் பிரித்துவிட்டார்கள். முதுநிலையில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், சில வேளைகளில் ஒவ்வொரு துறையும், தன் வரம்பைத் தானே வைத்துக்கொள்கிறது. லண்டன் பொருளாதாரக் கல்லூரி 1,000 முதல் 1,500 சொற்கள் கொண்ட கட்டுரை கேட்கிறது. ஒரே பக்கத்தில் முடிக்கச் சொல்லும் இடங்களும் உள்ளன. வரம்பைத் தாண்டினால், அறிவுறுத்தலைப் படிக்காதவர் என்ற எண்ணம் முதலிலேயே ஏற்பட்டுவிடும்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புக்குப் போக விரும்புகிறேன். எத்தனை முறை எழுதினாலும் என் கட்டுரை தற்குறிப்பின் நீண்ட வடிவமாகவே ஆகிவிடுகிறது.

பதில்: பணி அனுபவம் உள்ளவர்களுக்கு இது எப்போதும் நேர்வதுதான், சொல்வதற்கு நிறைய இருக்கும்போது எல்லாவற்றையும் கால வரிசையில் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஆறு ஆண்டுகளையும் தற்குறிப்பிலேயே விட்டுவிடுங்கள். கட்டுரைக்காக ஒன்றே ஒன்றை யோசியுங்கள்: உங்கள் வார்டுக்குள் நின்றுகொண்டு உங்களால் தீர்க்க முடியாமல் போன கேள்வி எது?

சர்க்கரை நோயால் காலில் புண் ஏற்பட்டு வந்தவர்கள், ஆறி வீடு திரும்பிய பிறகு சில மாதங்களில் அதே புண்ணோடு மீண்டும் வந்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது உங்கள் கையில் இருந்தது. அவர் எந்தக் காலணியோடு நடக்கிறார், வீட்டில் காலைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள், வீடு திரும்பும்போது கொடுத்த தாளை அவரால் படிக்க முடிந்ததா என்பவையெல்லாம் வார்டுக்கு வெளியே இருந்தன. ஒரு நோயாளியிடமிருந்து பல நோயாளிகளுக்கு நகரும் அந்தக் கேள்விதான் உங்களைச் செவிலியர் பணியிலிருந்து பொதுச் சுகாதாரத்தை நோக்கி அழைத்து வருகிறது. நான் சொன்ன எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எந்தக் குறிப்பும் அதில் வரக்கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துறை மாறுபவர்களிடம் குழுவுக்கு இயல்பாகவே ஓர் ஐயம் இருக்கும்: நோய்ப்பரவலியலும் உயிர்ப்புள்ளியியலும் கணக்கு நிறைந்த பாடங்கள், பல ஆண்டுகள் கழித்து வகுப்புக்குத் திரும்புகிறவரால் சமாளிக்க முடியுமா? கேட்கப்படும் முன்பே இதற்கு விடை சொல்லிவிடுங்கள். அடிப்படைப் புள்ளியியல் படித்திருந்தால், பணியிடத்தில் தொற்றுகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்து அறிக்கை தயாரித்திருந்தால், ஒரு தணிக்கையில் பங்கெடுத்திருந்தால், நீங்கள் செய்த பகுதி எது என்று தெளிவாகச் சொல்லி எழுதுங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று மட்டும் எழுதினால் உங்கள் பங்கு தெரியாமல் போகும். குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுதினால் பரிந்துரைக் கடிதத்தோடு முரண்படும்.

கேள்வி: இணையத்தில் வெற்றி பெற்ற மாதிரிக் கட்டுரைகள் நிறையக் கிடைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விவரங்களைக் கொடுத்தால் முழுக் கட்டுரையையும் எழுதித் தருகிறது. பயன்படுத்தினால் என்ன தவறு?

பதில்: மாதிரிகளைப் படிப்பதில் தவறில்லை. இத்தகைய கட்டுரைகள் பொதுவெளியில் அதிகம் தென்படாதவை என்பதால், ஒன்றையும் பார்க்காமல் எழுதச் சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் படிக்கும்போது அதன் வாக்கியங்களைப் பார்க்காமல், ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு அவர் எப்படிப் போனார் என்று பாருங்கள். வாக்கியங்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாதிரிகளைப் படித்த அன்றே எழுத உட்காராதீர்கள்.

கடன் வாங்கிய வாழ்க்கை எப்படிப் பிடிபடும் என்பதற்கு ஒரு செய்தி உண்டு. 2007-ல் யூகாஸ் அமைப்பு, ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளைக் கொண்டு 50,000 தன்விளக்கக் கட்டுரைகளைச் சோதித்தது. எட்டாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த வேதியியல் பெட்டியை வைத்துச் சோதனை செய்து இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை, அவற்றுள் 234 கட்டுரைகளில் இருந்தது. அந்தக் கதை முதன்முதலில் எழுதியவருக்கு உண்மையாக இருந்திருக்கலாம். மற்றவர்கள் அதன் உயிர்ப்பைப் பார்த்து மயங்கி எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்தபோது, உண்மையாக நடந்தவருடைய கட்டுரைகூட நம்ப முடியாததாகிவிட்டது.

செயலி எழுதித் தரும் கட்டுரையிலும் இதே இடர் வேறு வடிவில் இருக்கிறது. பழைய ஆய்வில் கோடு எந்த மாதத்தை வெட்டியது, எந்த நோயாளி உங்களை யோசிக்க வைத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியாத இடங்களை எல்லோருக்கும் பொருந்தும் சொற்களால் நிரப்பிவிடும். முதல் கேள்வியில் நாம் நீக்கிய ‘சிறு வயது முதலே’ வகை வாக்கியங்கள் இன்னும் வழவழப்பாகத் திரும்பி வரும். நேர்காணல் உள்ள படிப்பாக இருந்தால், நீங்கள் எழுதாத வாக்கியத்தைப் பற்றி அடுத்த கேள்வி வரும்போது பதில் இருக்காது. மேலும், எவ்வளவு உதவி பெறலாம் என்பதற்குப் பல பல்கலைக்கழகங்கள் விதிகள் வகுத்துள்ளன. விண்ணப்பிக்கும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை திருத்த உதவி பெறுவது வேறு, சிந்தனையை ஒப்படைத்துவிடுவது வேறு. முதல் வரைவு கரடுமுரடாக இருந்தாலும் உங்கள் கையால் வரட்டும். உங்களைப் பற்றி உங்களுக்கே தெளிவு பிறப்பது அந்த வரைவை எழுதும்போதுதான். அதை இன்னொருவரிடம் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி: எழுதி முடித்த பிறகு யாரிடம் காட்டுவது? எப்போது அனுப்புவது?

பதில்: இரண்டு பேர் போதும்; பலரிடம் காட்டினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கியத்தை மாற்றி, முடிவில் யாருடைய குரலும் இல்லாத கட்டுரை மிஞ்சும். ஒருவர் உங்கள் துறையை அறிந்தவர். செய்தியில் பிழை இருந்தால் அவர் கண்ணில் படும். மற்றவர் துறை அறியாதவர். அவரிடம் ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ‘நான் என்ன செய்திருக்கிறேன், அடுத்து என்ன செய்யப் போகிறேன்’ என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். பிறகு நீங்களே ஒருமுறை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்களைப் பிரித்துவிடுங்கள்.

பல இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள், அனுப்பும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரும் படிப்பின் பெயரும் சரியாக உள்ளனவா என்று ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியே பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பும்போது, இரண்டாவது பத்தியைப் புதிதாகவே எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே உள்ள பாடங்கள் வேறு. பரிந்துரைக் கடிதம் தர இசைந்த ஆசிரியர்களுக்கு உங்கள் வரைவை, அவர்கள் எழுதத் தொடங்கும் முன்பே, கடைசி நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒரு பத்தியில் சொன்ன ஆய்வை அவர்கள் தங்கள் பார்வையிலிருந்து விரித்துச் சொல்ல அது உதவும்.